மாட் போட்டதும் கிராஷ் ஆகும் மைன்கிராஃப்ட்: தப்பு டிரைவர்லயா, செட்டிங்ஸ்லயா, மாட்லயா? கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மைன்கிராஃப்ட், புதிதாக ஒரு ஷேடரும் நாலைந்து மாட்களும் போட்டதும் கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. இல்லையென்றால், ‘எக்ஸிட் கோட்’ என்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. “கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு, புதுசு வாங்கணும்” என்று பிள்ளை சொல்ல, “ஒரு கேமுக்கு இவ்வளவு செலவா?” என்று அப்பா கேட்க, வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

ஆனால், இப்படி நின்றுபோகும் பல கம்ப்யூட்டர்களில் கார்டு நன்றாகவே இருக்கும். பழைய டிரைவர், பொருந்தாத செட்டிங்ஸ், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத மாட்கள்... இவற்றில் ஏதோ ஒன்றுதான் வேலையைக் காட்டியிருக்கும். எது என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதால்தான் சிக்கல் பெரிதாகிறது. காசு செலவழிக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? படிப்படியாகப் பார்க்கலாம்.

கட்டம் கட்டமா இருக்கிற கேம்... ஏன் இவ்வளவு திணறுது?

ஸ்வீடனைச் சேர்ந்த மொஜாங் நிறுவனத்தின் மைன்கிராஃப்ட், 2011 நவம்பரில் முழுமையாக வெளியானது. 2014-ல் மொஜாங்கை 250 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-ல் அறிவிப்பு வந்தது.

இந்த கேமில் இரண்டு வகை உண்டு. செல்போன், எக்ஸ்பாக்ஸ் போன்றவற்றில் ஓடுவது ‘பெட்ராக்’ எடிஷன். கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுவது ‘ஜாவா’ எடிஷன். ரசிகர்கள் தாங்களாகவே எழுதிச் சேர்க்கும் மாட்களும், வெளிச்சம், நிழல், தண்ணீரையெல்லாம் நிஜம்போலக் காட்டும் ஷேடர்களும் பெரும்பாலும் ஜாவா எடிஷனுக்கானவை. இங்கே பார்க்கப்போவதும் அதைத்தான்.

ஜாவா எடிஷன் தொடக்கம் முதலே ‘ஓபன்ஜிஎல்’ வழியாகத் திரையில் படம் வரைந்து வருகிறது. கேம் கொடுக்கும் கட்டளையை கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தருவது டிரைவரின் வேலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. நடுவில் இருப்பவர் சொதப்பினால், இரண்டு பக்கமும் சரியாக இருந்தாலும் வேலை கெட்டுப்போகும்.

“மத்த கேம் எல்லாம் நல்லாத்தானே ஓடுது?” என்று கேட்கலாம். வின்டோஸில் பெரிய கேம்கள் பலவும் ‘டைரக்ட்எக்ஸ்’ வழியாக ஓடுபவை. டிரைவரில் அந்தப் பகுதி வேறு, ஓபன்ஜிஎல் பகுதி வேறு. அதனால் மற்ற கேம்கள் ஓடுவதை வைத்து டிரைவரில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 ஜூலையில் ஏஎம்டி தன் 22.7.1 டிரைவரில் ஓபன்ஜிஎல் பகுதியை மேம்படுத்தியபோது, அதே பழைய கார்டுகளில் மைன்கிராஃப்டின் வேகம் கூடியது. கார்டு மாறவில்லை, டிரைவர் மட்டும்தான் மாறியது.

முதல் வேலை: உலகத்தை பேக்கப் எடுங்க!

எதைத் தொடுவதற்கு முன்பும் செய்ய வேண்டியது இதுதான். மாதக்கணக்கில் கட்டிய வீடும் ஊரும் ‘சேவ்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. லாஞ்சரில் ‘இன்ஸ்டலேஷன்ஸ்’ பகுதிக்குப் போய், அங்குள்ள ஃபோல்டர் ஐகானை அழுத்தினால் கேமின் ஃபோல்டர் திறக்கும். அதிலுள்ள சேவ்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து பென் டிரைவிலோ வேறு டிரைவிலோ வைத்துவிடுங்கள்.

இது ஏன் முக்கியம்? ‘மாட் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓட்டிப் பாரு’ என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. யோசனை சரிதான். ஆனால் மாட்களை எடுத்துவிட்டுப் பழைய உலகத்தையே திறந்தால், அந்த மாட்கள் சேர்த்திருந்த பிளாக்குகளும் பொருட்களும் இருந்த இடம் வெறும் காற்றாகிவிடும். அந்த நிலையில் உலகம் சேவ் ஆகிவிட்டால், மாட்களைத் திரும்பப் போட்டாலும் அவை வராது. புதிய பதிப்பில் விளையாடிய உலகத்தைப் பழைய பதிப்பில் திறப்பதும் இதேபோல ஆபத்துதான்.

கிராஃபிக்ஸ் கார்டை கடையில் வாங்கிவிடலாம். அழிந்த உலகத்தை வாங்க முடியாது.

மாட் இல்லாமல் ஓடுதா?

பேக்கப் எடுத்தாயிற்று. இப்போது லாஞ்சரில் ‘நியூ இன்ஸ்டலேஷன்’ ஒன்றை உருவாக்குங்கள். பழையதில் என்ன பதிப்பு எண் இருந்ததோ அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ‘கேம் டைரக்டரி’ என்ற இடத்தில் புதிய, காலியான ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள். பழைய மாட்களும் பழைய உலகமும் இந்தப் பக்கமே வராது. இதில் புதிதாக ஓர் உலகத்தை உருவாக்கி ஐந்து நிமிடம் விளையாடிப் பாருங்கள்.

மாட் இல்லாமலும் கிராஷ் ஆகிறதா? அப்படியென்றால் சிக்கல் டிரைவரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது.

மாட் இல்லாமல் ஓடுகிறது, மாட்களோடு ஷேடரை ஆஃப் செய்து வைத்தாலும் கிராஷ் ஆகிறது என்றால், மாட்களுக்குள்தான் மோதல்.

மாட்களோடு ஓடுகிறது, ஷேடரை ஆன் செய்ததும் நிற்கிறது என்றால், ஷேடர், டிரைவர், கார்டின் பலம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

கிராஷ் ஆகவில்லை, ஆனால் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்றால், தவறான கார்டில் ஓடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு செட்டிங்ஸ்.

எந்த கார்டில் ஓடுது? எஃப்3 சொல்லும்

கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். ஒன்று பிராசஸரோடு சேர்ந்தே வருவது, பேட்டரியை மிச்சம் பிடிக்கும். இன்னொன்று தனி கார்டு, வேகமானது. ஜாவா எடிஷன் ஓடும்போது வின்டோஸின் கண்ணுக்கு ‘மைன்கிராஃப்ட்’ என்று ஒரு புரோகிராம் தெரிவதில்லை. ‘ஜாவா டபிள்யூ’ என்ற பொதுவான புரோகிராம்தான் தெரிகிறது. அதனால் ‘இதுக்குப் பெரிய கார்டு தேவையில்லை’ என்று சிறிய கிராஃபிக்ஸிடமே வேலையைக் கொடுத்துவிடுவது உண்டு.

உலகத்துக்குள் இருக்கும்போது எஃப்3 பட்டனை அழுத்துங்கள். லேப்டாப் என்றால் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். திரையின் வலது பக்கத்தில் ஜாவா பதிப்பு, மெமரி, கார்டின் பெயர், டிரைவர் விவரம் எல்லாம் வரும். காசு கொடுத்து வாங்கியது என்விடியா கார்டு, அங்கே இன்டெல் என்று இருக்கிறதா? பாதிச் சிக்கலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மாற்றுவது எப்படி? கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ஜாவா டபிள்யூ என்பதை ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு வின்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்ற வரிசையில் போய், அந்த ஃபைலைச் சேர்த்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றுங்கள். கேமை மூடித் திறந்து எஃப்3-ல் மறுபடி சரிபாருங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். மைன்கிராஃப்டின் பழைய பதிப்புகளுக்கு ஜாவா 8, 1.18 முதல் ஜாவா 17, 1.20.5 முதல் ஜாவா 21 என்று தேவை மாறுகிறது. லாஞ்சர் ஒவ்வொன்றையும் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும். அதனால் ஒரு பதிப்புக்கு மாற்றிய செட்டிங் இன்னொரு பதிப்புக்குப் பொருந்தாமல் போகலாம். மாட்களுக்காகப் பதிப்பை மாற்றினால் இதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

கிராஷ் ஃபைல் யாரைக் கைகாட்டுது?

கேம் மூடிக்கொண்டதும் வரும் எக்ஸிட் கோட் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ‘எக்ஸிட் கோட் 1’ என்றால் ஏதோ தவறு நடந்தது என்று மட்டும்தான் பொருள். உண்மையான விவரம் கேம் ஃபோல்டருக்குள் எழுதப்பட்டிருக்கும்.

‘கிராஷ் ரிப்போர்ட்ஸ்’ ஃபோல்டரில் புதிய ஃபைல் வந்திருந்தால், பெரும்பாலும் கேமுக்குள்ளேயே, அதாவது மாட் அல்லது அதன் பதிப்பில் சிக்கல். நோட்பேடில் திறந்து பார்த்தால், அதில் ஏதாவது ஒரு மாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

அங்கே எதுவும் இல்லாமல், ‘ஹெச்எஸ் எர்ர் பிஐடி’ என்று தொடங்கும் ஃபைல் கேம் ஃபோல்டரில் வந்திருந்தால், விஷயம் கேமுக்கு வெளியே போய்விட்டது. அதில் ‘ப்ராப்ளமேட்டிக் ஃப்ரேம்’ என்ற வரியைத் தேடுங்கள். அதற்கடுத்த வரியில் ஒரு ஃபைல் பெயர் இருக்கும். அது ‘ஐஜி’ என்று தொடங்கினால் இன்டெல் டிரைவர், ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், ‘ஏடிஐ’ என்று தொடங்கினால் ஏஎம்டி டிரைவர். ஏடிஐ என்பது 2006-ல் ஏஎம்டி வாங்கிய பழைய நிறுவனத்தின் பெயர். டிரைவர் ஃபைல்களில் அது இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டிரைவர்தான் காரணமா? செய்ய வேண்டியது, கூடாதது

டிரைவரை இன்டெல், என்விடியா, ஏஎம்டி ஆகியவற்றின் சொந்தத் தளத்திலிருந்தோ, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். வின்டோஸ் அப்டேட் கொடுக்கும் டிரைவர் சில நேரம் பழையதாக இருக்கும். ‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் அப்டேட்’ என்று விளம்பரம் வரும் மென்பொருட்கள் பக்கம் போகவே வேண்டாம்.

‘டிரைவர் ஓபன்ஜிஎல்-ஐ ஆதரிக்கவில்லை’ என்ற பொருளில், 65542 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வருகிறதா? டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். கார்டின் பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், உங்கள் கார்டுக்கான டிரைவரே கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். சரியான டிரைவரைப் போட்டாலே கேம் ஓடிவிடும்.

புதுசு எல்லாமே நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2022-ன் கடைசியில் வந்த என்விடியாவின் 526 வரிசை டிரைவர்கள், மைன்கிராஃப்டைத் தாமாகவே அடையாளம் கண்டு அதற்கென ஒரு செட்டிங்கை மாற்றின. அது ‘சோடியம்’ என்ற பிரபலமான மாட்டோடு மோதியதால், அந்த மாட்டை எழுதியவர்களே அதற்கு மாற்று வழி செய்ய வேண்டியதாயிற்று. டிரைவரை அப்டேட் செய்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் ‘ப்ராப்பர்டீஸ்’, ‘டிரைவர்’ பகுதியில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம்.

இதிலும் சரியாகவில்லை என்றால் கடைசி வழி, ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரை முழுசாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. சேஃப் மோடில், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். சேஃப் மோடுக்குப் போகும்போது சில லேப்டாப்கள் ‘பிட்லாக்கர்’ கீயைக் கேட்கும். அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், கேம் மட்டுமல்ல, கம்ப்யூட்டரையே திறக்க முடியாமல் போய்விடும். முதல் சிக்கலுக்கே இந்த வழிக்குப் போய்விட வேண்டாம்.

உண்மையிலேயே கார்டு போதாத நேரமும் உண்டு. 2021-ல் வந்த 1.17 பதிப்பிலிருந்து ஓபன்ஜிஎல் 3.2 தேவை. 2011-ல் வந்த இன்டெல் எச்டி 3000 போன்றவை வின்டோஸில் 3.1 வரைதான் போகும். அந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் 1.17 ஓடாது. 1.16 அல்லது அதற்கு முந்தைய பதிப்பிலும், அதற்குரிய மாட்களிலும் விளையாடுவதுதான் வழி.

செட்டிங்ஸில் எதைக் குறைக்கணும்?

முதலில் ‘ரெண்டர் டிஸ்டன்ஸ்’. மைன்கிராஃப்ட் உலகம் 16க்கு 16 அளவுள்ள ‘சங்க்’ துண்டுகளால் ஆனது. ரெண்டர் டிஸ்டன்ஸ் 12 என்றால் உங்களைச் சுற்றி 625 துண்டுகள். 24 என்றால் 2,401 துண்டுகள். எண் இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது, வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வேறு எதையும் தொடாமல் இதைக் குறைத்தாலே பல லேப்டாப்கள் மூச்சுவிடும்.

அடுத்து ‘ரிசோர்ஸ் பேக்’. கேமோடு வரும் படங்கள் 16க்கு 16 பிக்சல். 512க்கு 512 பேக் போட்டால் ஒவ்வொரு படமும் 1,024 மடங்கு பெரிதாகிறது. கார்டின் மெமரி நிறைந்துவிட்டால் கேம் விக்கி விக்கி ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும்.

மூன்றாவது ‘ரேம்’. லாஞ்சர் நீண்ட காலமாக 2 ஜிபியை மட்டும் ஒதுக்கி வந்தது. நிறைய மாட் போட்டால் அது போதாது. ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று பிழை வந்தால், இன்ஸ்டலேஷனைத் திருத்தும் பக்கத்தில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ போய், ‘எக்ஸ்எம்எக்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணை 4 ஆக்கிப் பாருங்கள். அதற்காக அள்ளிக் கொடுக்கவும் கூடாது. 8 ஜிபி லேப்டாப்பில் 6 ஜிபியை கேமுக்கே கொடுத்துவிட்டால், வின்டோஸும் மற்ற புரோகிராம்களும் மீதி 2 ஜிபிக்கு அடித்துக்கொள்ளும். தனி கார்டு இல்லாத லேப்டாப் என்றால் கிராஃபிக்ஸுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

நான்காவது ‘ஷேடர்’. ‘ஐரிஸ்’ மாட் மூலம் ஷேடர் போட்டிருந்தால், விளையாடும்போதே கே பட்டனை அழுத்தி ஆன், ஆஃப் செய்து வித்தியாசத்தைப் பார்க்கலாம். கார்டு தொடர்ந்து 2 விநாடி பதில் சொல்லாவிட்டால், அது உறைந்துவிட்டதாக நினைத்து வின்டோஸ் டிரைவரை ரீஸ்டார்ட் செய்துவிடும். திரை ஒரு கணம் கறுப்பாகி கேம் மூடிக்கொள்வது இதனால்தான். கார்டு கெட்டதால் அல்ல, தாங்க முடியாத சுமையாலும் இது நடக்கும். கேமே திறக்கவில்லை என்றால் ‘ஷேடர்பேக்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும் அந்த ஷேடர் ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள்.

நூறு மாட்ல குற்றவாளி யாரு?

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். பாதிப் பாதியாகப் பிரியுங்கள். முதல் 50 மாட்களை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி வெளியே எடுத்ததில் இருக்கிறது. ஓடாவிட்டால் உள்ளே இருப்பதில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். 100 மாட் இருந்தாலும் ஏழு முறைக்குள் சிக்கிவிடும். மற்ற மாட்கள் நம்பியிருக்கும் ‘ஃபேப்ரிக் ஏபிஐ’ போன்றவற்றை மட்டும் எடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். இரண்டு மாட் சேர்ந்தால் மட்டும் மோதுவதும் உண்டு. அப்போது ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டே மற்றதைத் தேட வேண்டியிருக்கும். இந்தச் சோதனையைப் புதிய உலகத்தில்தான் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகளும் சில உண்டு. ‘ஃபோர்ஜ்’ வகைக்கு எழுதிய மாட்டை ‘ஃபேப்ரிக்’ வகையில் போடுவது ஒன்று. சோடியம், ‘ஆப்டிஃபைன்’ இரண்டையும் ஒன்றாகப் போடுவது இன்னொன்று. இரண்டுமே கேம் படம் வரையும் முறையையே மாற்றுபவை என்பதால் ஒரே உறையில் இரண்டு கத்தி கதைதான். திரையின் மேல் எஃப்பிஎஸ் எண்ணைக் காட்டும் மென்பொருட்களும் சில நேரம் இடிக்கும். சோதிக்கும்போது அவற்றையும் மூடிவையுங்கள்.

மாட் எடுக்கும் இடமும் முக்கியம்

மாட் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு புரோகிராம். 2023 ஜூனில் ‘ஃப்ராக்சரைசர்’ என்ற வைரஸ், கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பிரபல தளங்களில் இருந்த மாட்களுக்குள்ளேயே புகுந்து, பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளையும் கணக்கு விவரங்களையும் திருடியது. பெரிய தளத்திலேயே இது நடந்தது என்றால், ஊர் பேர் தெரியாத லிங்கிலிருந்து எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் வங்கிக் கணக்கு, மெயில் எல்லாம் உள்ள அதே லேப்டாப்பில் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள் என்றால், கூடுதல் கவனம் தேவை.

அப்போ கார்டு எப்பதான் கெட்டுப்போனதா அர்த்தம்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், வின்டோஸ் தொடங்கும் முன்பே, நிறுவனத்தின் லோகோ வரும் நேரத்திலேயே திரையில் கோடுகளும் புள்ளிகளும் தெரிகின்றனவா? அந்த நேரத்தில் கார்டின் டிரைவரும் ஓடவில்லை, கேமும் ஓடவில்லை. அப்படியென்றால் கார்டு, கேபிள், திரை ஆகியவற்றில் சந்தேகப்படலாம். மாட் இல்லாத மைன்கிராஃப்ட், மற்ற கேம்கள் என எல்லாமே சூடாகி நின்றால், ஃபேனில் தூசு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரண்டி இருந்தால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

மற்றபடி, வரிசை இதுதான்: பேக்கப், மாட் இல்லாத சோதனை, எஃப்3, கிராஷ் ஃபைல். இந்த நான்குக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதற்குப் பிறகு மாற்றுவது எதுவானாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி கேம் ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.